அக்காவின் வாயால் கம்பனி கொடுத்த வாக்கு

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்தில், பலாலிக்குக் கிட்டிய ஒரு செம்மண் ஊரில், ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சென்ற மாதம் இலண்டன் கோலியர்ஸ் வுட்டில் உள்ள தமது வீட்டில், அத்தானும் மகளும் நானும் பக்கத்தில் இருக்கக் கண்ணை மூடினார். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வாழ்க்கையைத் தம்பி என்ற முறையில் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். "நல்லதுகளை மட்டும் எழுதும் தம்பி, கோபத்தை விடும்" என்று குட்மேய்ஸில் இருக்கும் மாமா ரெலிபோனில் சொன்னார். மாமா என்னை மன்னிக்க வேண்டும். கோபத்தை விட்டுவிட்டு எழுதினால் அக்காவுக்கு நடந்ததில் பாதிக்கு மேல் விடுபட்டுப் போகும். அவர் ஏன் வேலையை இழந்தார் என்பதைப் பற்றி உறவினர்கள் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் நாங்கள் ஊரைவிட்டு ஓடினோம். எங்கள் காணியும் வீடும் கிணறும் படையினரின் வேலிக்குள் போய்விட்டன. ஒருவரும் வந்து எங்களிடம் கேட்கவில்லை. ஐயா காணி உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். அவர் பேசத் தடுமாறிய இடங்களில் எல்லாம் பக்கத்தில் நின்று பேசியவர் அக்காதான். பாடசாலைச் சீருடையோடு நின்று, பெரிய பெரிய அதிகாரிகளிடம், "எங்கட காணிக்குள்ள போறதுக்கு நாங்கள் ஏன் சேர் பாஸ் எடுக்கவேணும்?" என்று கேட்பார். ஐயா அந்தக் காணியில் மறுபடி கால் வைக்காமலே இறந்தார்.

அத்தானைத் திருமணம் செய்து அக்கா இலண்டன் வந்தபோது ஹவுன்ஸ்லோவில் ஓர் அறைதான் வீடு. அத்தானுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. அக்கா பகலில் சூப்பர்மார்க்கெட்டில் நின்று, மாலையில் கல்லூரிக்குப் போய், காணி நிர்வாகம் படித்தார். மகள் பிறந்ததும் அந்தப் படிப்பு இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பிறகு மின்சாரக் கோபுரங்களை வயல்களுக்குக் குறுக்கே கொண்டுபோகும் நிறுவனம் ஒன்றில், வயல்காரர்களோடு பேசி அனுமதி வாங்கும் வேலை கிடைத்தது. அதில் நல்ல பெயர் எடுத்ததால்தான் எண்ணெய்க் கம்பனி அவரைத் தேடி வந்தது.

கோயிலில் பலர் அவரை எஞ்சினியர் என்று நினைத்திருந்தார்கள். அவர் செய்த வேலை வேறு. இந்த நாட்டில் நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் அரசுக்குரியது. அதைத் தேடும் உரிமத்தை அரசு கம்பனிகளுக்குக் கொடுக்கிறது. ஆனால் துளையிடும் இயந்திரம் நிற்பதற்கும் லொறி போய்வருவதற்கும் மேலே ஒரு துண்டு நிலம் வேண்டும். அதற்கு நிலத்தின் சொந்தக்காரர் சம்மதித்துக் குத்தகைக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்டு வீடு வீடாகப் போவதுதான் அக்காவின் வேலை. காரின் பின்பக்கத்தில் எப்போதும் ஒரு சோடி றப்பர் பூட்ஸ் கிடக்கும். சசெக்ஸ், சறே பக்கத்துப் பண்ணைகளில் சேற்றில் நடந்து, நாய்க்கும் கோபக்காரக் கிழவர்களுக்கும் பயப்படாமல் கதவைத் தட்டுவார்.

"அக்கா, எண்ணெய்க் கம்பனிக்கு ஏன் வேலை செய்யிறியள்? ஊரெல்லாம் திட்டுதே" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்களிட்ட ஒருத்தரும் கேக்கேல்லைத் தம்பி. நான் போய்க் கேக்கிறன். ஏலாது எண்டு சொன்னா திரும்பி வாறன். கேட்டு எடுக்கிறதுக்கும் கேளாமல் எடுக்கிறதுக்கும் இடையில எவ்வளவு இருக்கு எண்டு உனக்குத் தெரியாதே?"

அவர் அதை முழுமனதாக நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சசெக்ஸில் ஒரு மாட்டுப் பண்ணை. அதை மார்கரெட் என்ற அம்மையாரும் அவருடைய கணவரும் நடத்தி வந்தார்கள். அவர்களுடைய மேட்டு வயலில் துளையிடக் கம்பனி விரும்பியது. அக்கா முதன்முறை போனபோது கணவர் வாசலிலேயே மறித்து, "என் மாடு மேய்கிற இடத்தில் உன் இரும்பு நிற்காது" என்று சொல்லிவிட்டார். ஆனால் மழை பெய்ததால் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். அக்கா அதைக் குடித்துவிட்டு, மாடுகளைப் பற்றிக் கதைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினார். கம்பனியின் இயக்குநர் இன்னொரு முறை போகச் சொன்னபோது, "அவர் ஏலாது என்று சொல்லிவிட்டார், அவருடைய காணி" என்று மறுத்தார்.

அடுத்த வருடம் அந்தக் கணவர் மாரடைப்பால் காலமானார். மாடுகளை விற்க வேண்டி வந்தது. பண்ணையைத் தனியாகக் கொண்டுபோக முடியாத மார்கரெட், தாமாகவே அக்காவை அழைத்தார். மேட்டு வயலைத் தரலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். துளையிடுவதற்கு முன்னர் வயலின் மேல்மண்ணை வழித்து ஓர் ஓரமாகக் குவித்துவிட்டுத்தான் கல் பரப்புவார்கள். அந்த மண்ணுக்குக் கணவரின் குடும்பம் தலைமுறையாக எரு போட்டு வந்திருக்கிறது. வேலை முடிந்ததும் கல்லை அள்ளி, அதே மண்ணைத் திரும்பப் பரப்பி, புல் விதைத்துத் தரவேண்டும்.

அக்கா உடனே ஓம் என்று சொல்லவில்லை. இலண்டனுக்குத் திரும்பி வந்து இயக்குநரிடம் கேட்டார். அவர், "தாராளமாகச் சொல்லுங்கள். என் பெயரால் சொல்லுங்கள். வயலைக் கொடுத்தபடியே திருப்பிக் கொடுப்போம்" என்றார். அதன் பிறகுதான் அக்கா மார்கரெட்டின் சமையலறை மேசைக்குப் போனார்.

"இதைச் சொல்வது நீயா, கம்பனியா?" என்று மார்கரெட் கேட்டாராம்.

"கம்பனி சொல்கிறது. நானும் சொல்கிறேன்."

குத்தகையிலும் அது எழுதப்பட்டது. கையெழுத்தானது. இயந்திரம் வந்தது, துளையிட்டார்கள், பிரயோசனமான அளவு எண்ணெய் இல்லை. துளையைச் சீமெந்தால் அடைத்துவிட்டு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கல்லும் கம்பி வேலியும் அப்படியே கிடந்தன. வழித்த மண் ஓரத்தில் குவிந்து கிடந்து, அதன்மேல் ஆளுயரத்துக்குக் களை முளைத்தது.

அக்கா கேட்கும்போதெல்லாம் "வசந்த காலத்தில்" என்றார்கள். வசந்தம் வந்து போனது. பிறகு "நிலம் காயட்டும்" என்றார்கள். அதற்கிடையில், அக்காவுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், அந்த எண்ணெய்க் கிணற்றையும் குத்தகையையும் பெயர் தெரியாத ஒரு சின்னக் கம்பனிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சின்னக் கம்பனிக்கு ஓர் அறையும் ஒரு தபால் பெட்டியும்தான் இருந்தன. சிறிது காலத்தில் அதையும் மூடிவிட்டார்கள். குத்தகையில் எழுதியிருந்ததை இனி யாரிடம் போய்க் கேட்பது?

இதைவிடக் கேவலமான ஒன்று பிறகு நடந்தது. வயலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை என்று அந்தப் பகுதியின் உள்ளூராட்சிக் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பியது. மார்கரெட்டுக்கே அனுப்பியது. கம்பனி இல்லாமல் போனால் பொறுப்பு நிலத்தின் சொந்தக்காரருக்கு வந்துவிடுமாம். கணவனை இழந்து, மாட்டை விற்று, வயலை நம்பிக் கொடுத்த ஒரு பெண், கம்பனி கொட்டிய கல்லைத் தன் செலவில் அள்ள வேண்டும்! மார்கரெட் அக்காவை அழைத்து ஒரு வசனம்தான் சொன்னார்: "நீ என் மேசையில் இருந்து சொன்னாய்."

அக்கா அந்த ரெலிபோனைக் கீழே வைத்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே இயக்குநரிடம் போனார். அவர் கதிரையில் சாய்ந்தபடி, "அது இப்போது எங்கள் கிணறு இல்லையே. ஆனாலும் பார்ப்போம். முதலில் அடுத்த கிராமத்துக் கூட்டத்தை முடித்துத் தாருங்கள், அந்த மக்களுக்கு உங்கள் முகத்தில்தான் நம்பிக்கை" என்றார். இந்த வசனத்தை அக்கா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் கூட்டத்துக்கு அக்காவை என் காரில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஆகவே இது யாரும் எனக்குச் சொல்லித் தெரிந்ததல்ல, கண்ணால் கண்டது. கிராம மண்டபம் நிறையச் சனம். மேடையில் இயக்குநர், இன்னும் இருவர், ஓரத்தில் அக்கா. திரையில் பச்சைப் புல்வெளிப் படங்களைக் காட்டினார்கள். துளையிட்டு முடித்த பிறகு வயல் இப்படித்தான் இருக்கும் என்று இயக்குநர் சொன்னார். அப்போது பின்வரிசையில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு வயதான பெண் எழும்பினார். மார்கரெட் வருவார் என்று அக்காவுக்கே தெரியாது.

"என் வயலின் மண்ணை எப்போது திரும்பப் போடப் போகிறீர்கள்?"

இயக்குநர் சிரித்த முகத்தோடு, "அம்மையார், அது வேறொரு நிறுவனத்தின் விவகாரம், அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லிவிட்டு, "அடுத்த கேள்வி?" என்றார்.

அக்கா எழுந்தார். இயக்குநருக்கு முன்னால் இருந்த ஒலிவாங்கியைக் கை நீட்டி எடுத்தார். சத்தம் போடவில்லை. என்றாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

"சம்பந்தம் உண்டு. மண்ணைத் திரும்பப் போட்டுத் தருவோம் என்று அவருடைய வீட்டில் இருந்து வாக்குக் கொடுத்தது நான். கொடுக்கச் சொன்னவர் இதோ இவர். இன்றுவரை ஒரு கூடை மண்கூடப் போடவில்லை. அதே வாக்கை உங்களுக்கும் கொடுப்பதற்காக என்னை இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன். உங்கள் நிலத்தைக் கொடுக்காதீர்கள்."

மண்டபத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தத் தொடங்கினார்கள். அக்கா ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். "வா தம்பி, போவம்" என்றார்.

மறுநாளே வேலையிலிருந்து நீக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அனுமதி இல்லாமல் தன்னிச்சையாக வாக்குக் கொடுத்தார், கம்பனியை ஏமாற்றினார் என்று அந்தத் தொழிலில் உள்ள எல்லோரிடமும் சொல்லி வைத்தார்கள். பொய் சொல்லாத ஒருவர்மேல் பொய்க்காரி என்ற பெயரை ஒட்டினார்கள். விண்ணப்பித்த இடமெல்லாம் கதவு மூடியது. இருபது வருடத்துக்கும் மேலாகச் சேறு மிதித்துச் சம்பாதித்த நற்பெயரை ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், அழித்தார்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். "எண்ணெய்க் கம்பனியில் பெரிய ஆள்" என்று கோயில் விழாக்களில் முன்வரிசையில் கதிரை போட்டவர்கள், பிறகு அக்காவைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு கலியாண வீட்டில், சமூகத்தில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர், சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் கேட்க, "ஒரு வெள்ளைக்காரியின்ர காணிக்காக ஆராவது நல்ல உத்தியோகத்தை விடுவினமே? விசர் பிடிச்ச வேலை!" என்றார்.

அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட காணியைப் பிடிச்ச நேரம் எங்களுக்காக வேற ஆக்கள் கதைக்கேல்லை எண்டு நீங்கள்தானே ஐயா மேடை மேடையா ஏறிச் சொல்லுறியள்? இப்ப நான் வேற ஆக்களுக்காகக் கதைச்சா அது விசரோ?" என்று கேட்டார். அந்தப் பெரியவரும் இந்த மலரை வாசிப்பார். வாசிக்கட்டும்.

வேலை போன பிறகு அக்கா ஒரு பாடசாலை அலுவலகத்தில் பகுதிநேரமாக இருந்தார். மற்ற நேரமெல்லாம் மார்கரெட்டின் வயலுக்காகவே ஓடினார். முதலில் அக்காவும் மார்கரெட்டுமாகக் கவுன்சிலுக்குப் போய் நோட்டீஸை நிறுத்தி வைக்கச் செய்தார்கள். பிறகு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பனி புதிய இடங்களில் துளையிட அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த விண்ணப்பங்களைக் கவுன்சில் விசாரிக்கும் கூட்டங்களில் பொதுமக்களும் எழுந்து பேசலாம். கம்பனியின் பெயர் எங்கெங்கு வந்ததோ அங்கெல்லாம் அக்கா போனார். ரயிலிலும் பேருந்திலும், சிலவேளை ஹவுன்ஸ்லோ மச்சாளின் காரிலும் போனார். பேசக் கொடுக்கும் அந்தச் சொற்ப நேரத்தில் ஒரே விடயத்தைத்தான் சொல்வார்: மார்கரெட்டின் மண் இன்னும் குவியலாகக் கிடக்கிறது, இவர்களுக்கு இன்னொரு வயலைக் கொடுக்கப் போகிறீர்களா?

கம்பனியின் வழக்கறிஞர்கள் மிரட்டினார்கள். "நான் சொன்னதில எது பொய் எண்டு சொல்லச் சொல்லு, அதை மட்டும் நிப்பாட்டுறன்" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றிய உடம்போடும் ஒரு கூட்டத்துக்குப் போனார். தலையில் துணி கட்டிக்கொண்டு, கதிரையைப் பிடித்தபடி நின்று பேசினார். "அம்மா, இனிக் காணும், விடுங்கோ" என்று அக்காவின் மகள் அழுதாள். "அவங்களுக்குக் காணும் எண்டு தோன்றும் மட்டும் எனக்குக் காணாது" என்றார். அன்று கவுன்சில் அந்த விண்ணப்பத்தை ஒத்திவைத்தது. மார்கரெட்டின் வயலைச் சீர்செய்த பிறகு வாருங்கள் என்று உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்.

சம்பந்தமே இல்லை என்ற கம்பனிக்கு அதன் பிறகு திடீரென்று சம்பந்தம் வந்தது. லொறிகள் போயின. கல்லை அள்ளினார்கள், வேலியைக் கழற்றினார்கள், களையை வெட்டி மண்ணைப் பரப்பினார்கள். மார்கரெட் தமது ரெலிபோனில் படம் பிடித்து அனுப்பினார். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்து அதைப் பார்த்தார். உழுத நிலம், கறுப்பாக, சமதரையாக.

"சந்தோசமோ அக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எவ்வளவு நாள் எடுத்ததாம்?"

"ஒரு கிழமையாம்."

"ஒரு கிழமை!" என்று சொல்லி எழும்பி உட்கார முயன்றார். "ஒரு கிழமை வேலை, தம்பி. அந்த மனிசி எத்தனை வருசம் யன்னலால அதைப் பார்த்துக்கொண்டு இருந்தவ. என்ர வேலை, என்ர பேர்... எல்லாம் ஒரு கிழமை வேலைக்காக!" அத்தான் வந்து அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தார். அக்கா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். வலியில்லாமல் போனார், அது உண்மை. கோபம் தணிந்து போகவில்லை. தணிய வேண்டிய காரணமும் இல்லை.

இறுதிக் கிரியைக்கு அந்த இயக்குநர் வந்தார். பெரிய மலர்வளையம், அதில் "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு" என்று அட்டை. இரண்டு சொல் பேச விரும்புவதாக என்னிடம் வந்து சொன்னார். "நீங்கள் இவரைப் பற்றிப் பேச வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டீர்கள்" என்று நான் சொன்னேன். மலர்வளையத்தை அவருடைய கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அதைப் பார்த்த உறவினர் சிலர் மரியாதைக் குறைவு என்று முணுமுணுத்தார்கள். அக்காவின் உடலுக்குப் பக்கத்தில் இன்னொரு பொய்க்கு இடம் இல்லை என்பது என் முடிவு. இன்றும் அதுவே என் முடிவு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தம் சொந்தச் சகோதரிபோலப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியர்களுக்கு நன்றி. கடைசி மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டிய தேவையே இல்லாமல் சாப்பாடு கொண்டுவந்து தந்த கோலியர்ஸ் வுட் அயலவர்களுக்கும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு அக்காவைக் கூட்டங்களுக்கு ஏற்றிப்போன ஹவுன்ஸ்லோ மச்சாளுக்கும், கிரியைகளைச் செவ்வனே நடத்திய குருக்களுக்கும், என் கோபத்தை வெட்டாமல் அச்சிடச் சம்மதித்த அத்தானுக்கும் நன்றி. சசெக்ஸிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வந்து, எங்கள் பெண்களோடு வரிசையில் நின்று, அவர்கள் செய்வதைப் பார்த்துத் தாமும் வாய்க்கரிசி போட்ட மார்கரெட் அம்மையாருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

கம்பனிக்கு நன்றி இல்லை. ஆனால் இம்மலரின் ஒரு பிரதியை அந்த இயக்குநரின் பெயருக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பமாட்டேன். தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப் போய், கதவைத் தட்டி, இதை வாசித்துச் சொல்லும்படி அவரே கேட்கட்டும்.

இங்ஙனம்,
தம்பி
கோலியர்ஸ் வுட், இலண்டன்